பாண்கங்காவில் அத்தானுக்குத் திதி

ஆடி அமாவாசை அன்று தாராவியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிக்கடையில் கூட்டம் நிற்கும். மராட்டியர்களுக்கு அது கட்டாரி அமாவாசை. மறுநாள் சிராவண மாதம் பிறந்துவிட்டால் கறியும் சாராயமும் கூடாது என்பதால், ஒரு மாதத்துக்கு உண்டானதை அன்றைக்கே முடித்துவிடுவார்கள். நமக்கோ அது செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, ஒருபொழுது இருந்து, காக்கைக்குச் சோறு வைக்கிற நாள். வானத்தில் இருப்பது ஒரே அமாவாசைதான். ஒரு வீட்டில் கறி வதங்கும், ஒட்டின வீட்டில் வாழைக்காய் வேகும். இதற்காக அண்டை வீட்டார் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

சண்டை வந்தது என் அக்கா வீட்டுக்குள்தான். அக்காவின் புருஷன் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டாரி அன்று, பட்டறை ஆட்களோடு சாப்பிடப் போவதாகக் கிளம்பினார். அக்கா விரதத்தில் இருந்தாள். "பெத்த அப்பனுக்கு எள்ளுந்தண்ணியும் விடுத அன்னைக்குக் கோழி திங்கப் போறியளாக்கும்" என்று கேட்டிருக்கிறாள். அத்தான் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். பட்டறையில் விசாரித்தால், விருந்துக்கே அவர் வரவில்லை என்றார்கள்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில் பார்த்தோம். அதற்குப் பிறகு அத்தானைப் பார்த்தவர்கள் பெருகினார்கள். ஒருவர் சூரத்தில் ஜவுளி மூட்டை தூக்குகிறார் என்றார். ஒருவர் பண்டரிபுரத்தில் தாளம் தட்டிக்கொண்டு போகிறார் என்றார். ஊரிலிருந்து ஒருவர், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினார். அத்தான் வீட்டில் இருந்தபோது அவரை இத்தனை பேர் கவனித்ததில்லை. சூரத்துக்கு நான் போனேன். பண்டரிபுரத்துக்கு அக்காவே போனாள். கோவில்பட்டிக்கு யாரும் போகவில்லை. அதற்குள் எங்களுக்கு அலுத்துவிட்டது.

அக்கா முறுக்குச் சுற்றி விற்று மகளை வளர்த்தாள். மஞ்சள் கயிறும் பொட்டும் அப்படியே இருந்தன. நல்லது கெட்டதுக்குப் போனால், இவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம். சுமங்கலிகளுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கும்போது சிலர் அவளுக்கு நீட்டுவார்கள், சிலர் தாண்டிப் போவார்கள். அதனால் அவள் போவதையே குறைத்துக்கொண்டாள்.

அக்கா மகள், எனக்கு மருமகள், படித்து, வேலைக்குப் போய், கல்யாண வயதுக்கு வந்தாள். விக்ரோலியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல பையன், எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா தட்டில் வைத்த முறுக்கு இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"எங்களுக்கு ஒண்ணுமில்ல மைனி. ஆனா நாளைக்கு நாலு பேரு கேப்பாவ, பொண்ணுக்க அப்பா இருக்காவளா இல்லையான்னு. ஏதாவது ஒண்ணு சொல்லணும்லா. ஆடி அமாவாசைக்கு எள்ளுந்தண்ணியும் விட்டுருங்க. ஆவணியில முகூர்த்தம் வச்சுக்கிடலாம்."

தன்மையாகத்தான் சொன்னார். கோபப்படக்கூட வழியில்லை. அவர்கள் போன பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எள்ளப் போடச் சொல்லி, அவிய எங்கனயாவது உசுரோட இருந்தா, கொன்னது நாந்தான? போடலன்னா இவ கல்யாணம் நிக்கும். நீயே சொல்லுல, நான் என்ன செய்ய?"

நான் செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். சேர வேண்டிய இடத்தில் ஆள் இல்லையென்றால் பார்சலைத் திருப்பி அனுப்புவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. சாஸ்திரம் கேட்டால் எங்கே போவேன்? கடைசியில் அவளே, போய்ப் பார்க்கலாம், அங்கே போய் மனசு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யலாம் என்றாள். ராமேஸ்வரம் போகத்தான் அவளுக்கு ஆசை. டிக்கெட் கிடைக்கவில்லை. ராமர் கால்பட்ட குளம் இந்த ஊரிலேயே இருக்கிறது, வால்கேஷ்வரில், பாண்கங்கா என்று நான்தான் சொன்னேன். நான் ஒரு தடவை பார்சல் கொடுக்கப் போனபோது பார்த்த இடம்.

அமாவாசை அன்று காலையில் மாகிமில் ரயிலேறி, சர்னி ரோட்டில் இறங்கி, டாக்ஸி பிடித்தோம். நல்ல மழை. மருமகளை அக்கா கூட்டி வரவில்லை. கல்யாணம் ஆகப்போகிற பெண் இதற்கெல்லாம் வரக்கூடாது என்றுவிட்டாள். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால், மைத்துனன் நான்தான் தண்ணீர் விட வேண்டும்.

மலபார் ஹில் பணக்காரர்களின் இடம். பெரிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு சந்து இறங்கும். கொஞ்ச தூரம் இறங்கினதும், நாம் இருப்பது பம்பாய்தானா என்று சந்தேகம் வரும். நான்கு பக்கமும் கல்படி வைத்த நீண்ட குளம். கரையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோயில்கள், தீபம் ஏற்றும் கல்தூண்கள், பழைய வீடுகள், கொடியில் காய்ந்தும் காயாமலும் துணிகள். தண்ணீர் பச்சையாக இருக்கும். அதில் வாத்துகள் கவலையில்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். நாலு எட்டு வைத்தால் கடல். இத்தனை பக்கத்தில் கடல் இருந்தும் குளத்துத் தண்ணீர் உப்புக் கரிக்காது என்பது இந்த இடத்தின் பெருமை.

பெருமைக்குக் காரணம் ராமர். சீதையைத் தேடித் தெற்கே போகிற வழியில் இங்கே வந்து தங்கினாராம். தாகம் எடுத்தது. எங்கும் உப்புத் தண்ணீர். பாணத்தை எடுத்துத் தரையில் விட்டார், பாதாளத்திலிருந்து கங்கை பொங்கி வந்தது. அதனால் பாண்கங்கா. ராமர் விட்டாரா, லட்சுமணன் விட்டாரா என்பதில் கரையிலேயே இரண்டு கட்சி உண்டு. பக்கத்தில் வால்கேஷ்வர் கோயில். வாலுகா என்றால் மணல். ராமர் பூஜை பண்ண லட்சுமணன் காசியிலிருந்து லிங்கம் கொண்டு வருவான். ஒரு நாள் வரத் தாமதமாகிவிட்டது. ராமர் கடற்கரை மணலைப் பிடித்து லிங்கமாக்கி, பூஜையை முடித்துவிட்டார்.

படியில் உட்கார்ந்தபடி நான் இதைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நம்ம ராமேஸ்வரத்துக் கததான. அங்கன அனுமாரு கைலாசத்துக்குப் போயி வரல. சீதை மண்ணப் பிடிச்சு வச்சா."

"ரெண்டு எடத்துலயும் போன ஆளுதான் லேட்டு" என்றேன்.

அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு, "அனுமாரு கொண்டாந்த லிங்கத்துக்குத்தான் அங்க மொதப் பூச. இங்க லட்சுமணன் கொண்டாந்தத என்ன செஞ்சாவளாம்?" என்று கேட்டாள்.

அதையும் கோயிலில் வைத்ததாகச் சொல்கிறார்கள், மணல் லிங்கம் பிற்காலத்தில் வேற்று நாட்டாரைக் கண்டதும் கடலில் குதித்துவிட்டதாம் என்றேன். "நல்ல கததான்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு ஒட்டி, முகம் வெளுத்திருந்தது. அவளை இங்கே கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று எனக்கு இருந்தது.

அன்றைக்குக் கரையில் கூட்டம் குறைவு. மகாளய பட்சத்தில்தான் இங்கே நிற்க இடம் இருக்காது. பெரிய குடைக்கு அடியில், திதி செய்து வைக்கிற ஒரு குருஜி மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். மொபைலைக் கவிழ்த்து வைத்தார். போய் எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சாஸ்திரத்தில் சொன்ன பன்னிரண்டு வருஷம் கடந்துவிட்டது, செய்யலாம், இறந்த நாள் தெரியாததால் வீட்டை விட்டுப் போன நாளையே திதியாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் இன்றைக்கே அமைந்திருக்கிறது என்றார். கோத்திரம் கேட்டார். எங்களுக்குத் தெரிந்தால்தானே. தெரியாதவர்களுக்கெல்லாம் காசியபர்தான் பொறுப்பு என்று சிரித்துவிட்டு, தட்டில் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்தார். என் விரலில் தர்ப்பை மோதிரம் ஏறியது.

"நில்லுல" என்றாள் அக்கா.

குருஜி பக்கம் திரும்பி அவளே இந்தியில் பேசினாள். முறுக்கு விற்றுக் கற்ற இந்தி. அதில் மரியாதைச் சொல் கிடையாது, தயக்கமும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு ஆள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

குருஜி திகைக்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது என்றார். கர்மம் பண்ணி முடித்த பிறகு ஆள் உயிரோடு வந்தால், அவரை நேரே வீட்டுக்குள் விடக்கூடாது. பெரிய பாத்திரத்தில் உட்கார வைத்து, நெய்யை ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும். அப்போது அவர் புதிதாகப் பிறந்த குழந்தை. குழந்தைக்குச் செய்கிற சடங்குகள் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், பெயர்கூடப் புதிதாக வைக்க வேண்டும். அத்தானை அண்டாவில் நெய்யோடு நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் சிரிப்பு வரக்கூடாது, ஆனால் வந்தது. அத்தானுக்குக் குளிக்கவே பிடிக்காது.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"அப்புறம் கல்யாணம்."

"யாரோடு?"

"உங்களோடுதான். பழைய கல்யாணம் இன்றைக்கு இந்த எள்ளோடு முடிந்துவிடுகிறது. அவர் வந்து முறைப்படி உங்களை மறுபடியும் கட்டிக்கொள்ள வேண்டும்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் குருஜி சொன்னார். பயப்படாதே, நீ அவரைக் கொல்லவில்லை, கதவு சாத்திப் போகாது என்கிற அர்த்தத்தில். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடையை விட்டு வெளியே நின்றதால் மழை அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, முறுக்கு என்ன விலை என்று சொல்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்படி வந்து கேட்டால், நான் மாட்டேன் என்று சொல்லலாமா?"

இந்தக் கேள்வியை யாரும் அந்த மனிதரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்தார். நான் வாத்துகளைப் பார்த்தேன். கடைசியில், "கல்யாணம் என்றால் பெண்ணுக்குச் சம்மதம் வேண்டும்தானே" என்றார் மெதுவாக.

அக்காவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதில் இருந்தது துக்கம் இல்லை, கோபம். இத்தனை வருஷமாக அவளிடம் வந்தவர்கள், நான் உட்பட, பாவம் என்றோம், விதி என்றோம், வருவார் என்றோம். உனக்குக் கோபமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கயிற்றைக் கட்டினவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார், கட்டிக்கொண்டவள் மட்டும் அவர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளை உட்கார வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அக்கா கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே தலைவழியாகக் கழற்றினாள். அது வீட்டில் செய்ய வேண்டியது, இங்கே அவசியமில்லை என்று குருஜி சொல்ல வந்தார். அவள் கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, குடைக்குள் வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள்.

"யக்கா, ஒருவேள அத்தான் வந்துட்டாவன்னா?"

"வரட்டும். வந்து கேக்கட்டும். அப்பம் யோசிச்சுச் சொல்லுதேன்."

குருஜி என் உள்ளங்கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். யாருக்கு என்று கேட்டார். நான் அத்தானின் பெயரைச் சொன்னேன்.