வளப்பூர் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு கொக்கி

ஐப்பசி முதல் வாரம் கொல்லிமலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல, ஒரு துப்பாக்கிக்குக் கொக்கி மாட்ட.

மலைமேல் வளப்பூர் நாடு என்னும் பகுதியைச் சேர்ந்த வெள்ளையன், சேலத்தில் எங்கள் பட்டறைக்கு அடுத்த கடைக்கு மிளகு போடுபவர். சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய போல்ட் துப்பாக்கி, லைசென்ஸோடு, அவரிடம் இருக்கிறது. சுட்டபின் காலித் தோட்டாவை இழுத்து வெளியே போடும் கொக்கி அதில் ஒடிந்து தொலைந்துவிட்டது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழாய்க்குள் மூங்கில் குச்சி விட்டுக் குத்தித் தள்ளவேண்டும். அதற்குள் காட்டுப்பன்றிகள் சாமையைத் தின்றுவிடும். அறுப்புக்கு இன்னும் பத்தே நாள். சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து உதிரிப்பாகம் வராது. சாமைக்காட்டுக் காவலை விட்டு அவரும் இறங்க முடியாது. அதனால் கொக்கி உட்காரும் இடத்தைத் தேன்மெழுகில் அச்சு எடுத்து, டப்பாவில் போட்டு, பஸ்ஸில் அனுப்பினார். அதை அளந்து எஃகில் ஒன்று செய்தேன். அளவு மயிரிழை பிசகாது என்று கர்வம் வேறு.

சேலத்தில் காலை 6.10க்கு பஸ். ராசிபுரம் வழியாகக் காளப்பநாயக்கன்பட்டி, பன்னிரண்டணா. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பு கட்டி, அதன் வாயுவில் ஓட்டுகிறார்கள். பின் சீட்டில் உட்காராதீர்கள், முதுகு வேகும். என் முதுகு வெந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"போன வாரம் மலையிலிருந்து வந்த டப்பாவை எங்க வெச்சுக் கொண்டாந்தே?"

"அடுப்போரமாத்தானுங்க. தேனுன்னு நெனச்சேன். ஒறைஞ்சு போனா திட்டுவீங்கன்னு சூட்டுல வெச்சனுங்க."

"பட்டறைக்கு எதுக்கய்யா தேன்?"

"ஏனுங்க, பட்டறைக்காரரு தேன் திங்கக்கூடாதுங்களா?"

தப்பு என்னுடையது. எப்படி வந்தது என்று கேட்காமலே அளந்தேன். இளகிய மெழுகு பக்கவாட்டில் பரந்து, உயரத்தில் தாழ்ந்திருக்கும். அகலத்தை அரத்தால் ராவிக் குறைக்கலாம். உயரம் குறைந்திருந்தால் தூக்கி எறியவேண்டியதுதான். நல்லவேளை, ராவிப் பொருத்துவதற்காக உயரத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விட்டிருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு இறங்கி, அடிவாரம் வரை நடந்து, மலையேறிச் செம்மேடு சேர மாலை ஐந்து. வெள்ளையன் அங்கே காத்திருந்து, தன் ஊருக்கு அழைத்துப் போனார்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ராவினேன். காலித் தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன், இழுத்தது. நிஜத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கவேண்டும் என்றேன்.

"அஞ்சேதான் இருக்குது, சாமி. பலா மரத்துக்கு ஒண்ணு குடுத்தா பன்னிக்கு நாலுதான்."

"கை போனா அஞ்சும் எதுக்கு?"

"படிச்ச புள்ள பேச்சப் பாத்தியா!" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கயிறு எடுத்து வந்தார். துப்பாக்கியைப் பலாவுக்கு எதிரே வேறொரு மரத்தில் கட்டி, தள்ளி மறைவில் நின்று, விசையை நூலால் இழுத்தோம். வெடித்தது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். காலித் தோட்டா துள்ளி வந்து காலடியில் விழுந்தது.

பொழுது சாயும்போது பன்றிகள் கீழ்வரப்பில் இறங்கின. வெள்ளையன் சுட்டார். குறி தப்பியது. பன்றிகள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. இத்தனை நாளில் அடுத்த வெடிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கற்று வைத்திருக்கின்றன! மூச்சு விடுவதற்குள் இரண்டாவது வெடி. ஒன்று சாய்ந்தது. மற்றவை ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

போகிறவர்களுக்கு: அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக்கொள்ளுங்கள். பகல் ஒரு மணிக்குமேல் ஏறத் தொடங்காதீர்கள். எதையாவது பழுது பார்ப்பதானால், அது இருக்கும் இடத்துக்கே போய் அளந்துகொள்ளுங்கள்.

புறப்படும்போது வெள்ளையன், "எத்தன நாளு தாங்கும், சாமி?" என்றார்.

"மிச்சமிருக்கிற ரெண்டு தோட்டாவுக்குத் தாங்கும். அதுக்கு மேல சொல்லமாட்டேன்."

பதினோராம் நாள் செய்தி வந்தது. சாமை வீடு சேர்ந்தது. பன்றி அந்தப் பக்கமே வரவில்லை, இரண்டு தோட்டாவும் அப்படியே இருக்கின்றன. சந்தோஷம்தான். கொக்கி இன்னும் இரண்டு வெடி தாங்குமா என்று தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.