பூக்கார முழத்தில் அளந்த ரயில்பாதை

மாமா பலகையைக் கொண்டுவந்து இறக்கியபோது வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா இல்லை, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்கப் போயிருந்தார். அவர் இல்லாதது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுபவர். அவர் வண்டியில் பள்ளிக்குப் போய்வந்த ஒரு பையனின் குடும்பம் ஊர் மாறியபோது, பேட்டரி ரயில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. தண்டவாளம், பாலம், குட்டி ஸ்டேஷன் எல்லாம் இருந்தன. இடம்தான் இல்லை. கோரிப்பாளையத்தில் எங்கள் வாடகை வீடு ஒரே அறை. ஒருநாள் அதிகாலை மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அப்பா, தரையில் கிடந்த பாலத்தை மிதித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இதுக்கு ஒரு எடம் பாரு மாப்ள. இல்லேன்னா யாருக்காச்சும் குடுத்துரு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், தகரப்பெட்டியின் மேல் பலகை வைத்து, அதில் தண்டவாளத்தை ஒட்டிவிடுவது மாமாவின் திட்டம். அம்மா இடுக்கைக் கையால் அளந்து, இரண்டு முழம் என்றாள். மாமா கடையில் தன் கையால் இரண்டு முழம் காட்டி அறுத்து, தண்டவாளத்தை ஓரம் வரை ஒட்டியே கொண்டுவந்தார். சனிக்கிழமை மதியம் பலகை இடுக்குக்குள் போக மறுத்தது. நாலு விரல் கூடுதல்.

அம்மா தெருமுனையில் மல்லிகை கட்டி விற்பவள்.

"வீட்டுக்குள்ளயுமாக்கா பூக்கார முழம்?" என்றார் மாமா.

"கை பழகிப்போச்சுடா. ஒனக்கு மட்டும் என்ன, கொரங்குக் கை!"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் பையில் ஸ்கேல் இருந்தது. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பலகையை அறுத்தால் ரயில் திரும்பாது. மாமா அண்ணாந்து பார்த்தார். எனக்குத் தொட்டில் கட்டிய கொக்கி கூரையில் இருந்தது. நாலு மூலையிலும் கயிறு கட்டினார். விளையாட இறக்கலாம், முடிந்ததும் ஏற்றிவிடலாம்.

"அதுல கட்டாத. அது வேணும்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

அம்மா பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். மாமா அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். "மச்சானுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

ரயில் போகப்போகிறது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. பலகையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அப்பா வந்ததும், குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அம்மா ஏதோ சொன்னாள். அவர் ஈரக்காலோடு உள்ளே வந்து கூரையை வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, ட்ரில் மிஷின்காரனக் கூட்டிட்டு வா. பக்கத்துல இன்னொரு கொக்கி போடணும்."

"ரயிலு?" என்றார் மாமா.

"அதுபாட்டுக்கு ஓடட்டும். இவன் ஏன் இம்புட்டு அழுகுறான்?"

வீட்டுக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியதும் அப்பாதான். எனக்காக இரட்டைப் பாதை போடப்போகிறார்கள் என்று தெருப்பையன்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். சில மாதம் கழித்துத் தங்கை பிறந்து, புதுக் கொக்கியில் தொட்டில் கட்டியபோதுகூட, என் இரண்டாவது பாதையை அவள் பிடுங்கிக்கொண்டதாகவே நினைத்தேன். அப்பா பேரம் பேசாமல் காசு கொடுத்து, அந்தக் கொக்கி போட்ட அன்றைக்குத்தான் பார்த்தேன். கொக்கியும் கூலியும் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய்.