பீரங்கிக் குழல் சுமந்த இருவர்

1976 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு எர்ணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரிக்கு டிக்கெட் எடுத்தேன், முப்பது பைசா. ரங்கூன் அரிசி ஆலைக்குப் போன என் அண்ணன் வேலுவை, யுத்தத்தில் ஜப்பான்காரன் சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போனான். அதோடு சேதி இல்லை. அண்ணி முப்பது வருஷமாகக் குங்குமத்தோடு காத்திருக்கிறாள். மட்டாஞ்சேரியில் ஜப்பான் பீரங்கி சுமந்த தமிழர் ஒருவர் இருப்பதாக எங்கள் ஊர் சுக்கு வியாபாரி சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

எட்டு மணி. கடைத்தெரு முழுக்க மிளகு நெடி. ஒரு கிடங்கு வாசலில் அந்தத் தமிழர், மாடசாமி, உட்கார்ந்திருந்தார். அறுபது வயதாகியும் மூட்டைதான் தூக்குகிறார்.

"முதல்ல சாயா குடிங்க சாரே," என்றார்.

"எங்க அண்ணன் வேலு, புதுக்கோட்டைப் பக்கம். உங்ககூடப் பீரங்கி சுமந்தாரான்னு..."

"பேரை அங்க யாரு கேட்டா? அது மலைப் பீரங்கி. பதினோரு துண்டாக் கழட்டலாம். குதிரையெல்லாம் செத்ததும் எங்க தோள்ல ஏத்திட்டான். சக்கரம் சுமந்தவன் பேரு சக்கரம், குழல் சுமந்தவன் பேரு குழல். உங்க அண்ணன் எந்தத் தோள்ல சுமப்பாரு?"

"இடது தோள். இடக்கைக்காரர்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு காதுல பாதி இருக்காதே?"

சின்ன வயதில் நாய் கடித்த காது. "அண்ணனேதான்!" என்றேன்.

எதிரே இரண்டு பேர் கம்பில் ஒரு பெட்டியைக் கட்டித் தூக்கி வந்தார்கள். பின்னால் இருந்தவன் உரக்கக் கூவினான். பிறகே இருவரும் சேர்ந்து இறக்கினார்கள்.

"பார்த்தீங்களா? கூவாம இறக்கினா முன்னால இருக்கறவன் தொலைஞ்சான்," என்றார் மாடசாமி. "மிளகுச் சாக்கைவிடக் கனம் அந்தக் குழல். மூங்கில்ல கட்டி முன்னால அவரு, பின்னால நான். ஆத்தைக் கடக்கறப்போ எனக்குக் கடுங்காய்ச்சல். கூவாமலே விட்டுட்டேன் சாரே. பாரம் அவரை இழுத்துட்டுப் போச்சு. ஜப்பான்காரன் முங்கித் தேடிக் குழலை எடுத்தான். ஆளை எடுக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அட பாவி! இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாருக்குச் சொல்றது? பேரே தெரியாதே," என்று முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். மேலே திட்டாமல் எழுந்தேன். பத்து மணிப் படகில் திரும்பினேன்.

ஞாயிறு காலை ஊர். ஆற்றோடு போய்விட்டார் என்பதை மட்டும் அண்ணியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பக்கத்துல யாராவது இருந்தாங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"இருந்தார் அண்ணி. நம்ம தமிழ் ஆளு ஒருத்தர்."

"நல்ல மனுஷன், நல்லா இருக்கட்டும்," என்றாள்.