கொள்ளுக்குள் விழுந்த கம்மல்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாரத்திலிருந்து கோம்பை போகிற ரோட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எனக்கு ஊர் தேனி. என் மனைவியின் தம்பி ஒரு சைக்கிள் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் அவனும் அவன் நண்பர்கள் நாலைந்து பேரும் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கில் கிளம்பிவிடுவார்கள். ஒருவன் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொருவன் ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்க, பின்னால் வருகிறவன் சுகமாக மிதிக்க, மாற்றி மாற்றிப் பறப்பார்கள். தொப்பை போட்டுவிட்டது என்று சொல்லிச் சொல்லியே என்னையும் ஒரு சைக்கிள் வாங்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து நான் கடைசி ஆள். "மெதுவாப் போங்கப்பா" என்று கத்துவதுதான் அந்தக் கூட்டத்தில் என் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. கோம்பை தாண்டி எங்கள் குலதெய்வம் கோயிலில், ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையும் போடணும், காதும் குத்தணும். அந்தத் தாய்மாமன் யார்? இந்த மகராசன்தான்.

வேறு யாராக இருந்தாலும் முந்தின நாளே பட்டு வேட்டியைத் தேய்த்து வைத்துக்கொண்டு வேனில் முதல் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? கோயில் நாம் போகிற வழியில்தானே இருக்கிறது, சைக்கிளிலேயே வந்துவிடுகிறேன், சீர்த் தட்டும் வேட்டியும் வேனில் வரட்டும் என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களும் கூடப் போங்கள், எட்டு மணிக்கு அவனைக் கோயிலில் உட்கார வைப்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். என் மாமனாரும் மாமியாரும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இவன் ஒருவன்தான். அது தெரிந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

கிளம்பும்போதே தொடங்கிவிட்டது வினை. ஒருத்தன் டயரில் காற்று இல்லை. இன்னொருத்தன் தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு வந்து, திரும்பிப் போனான். போடியில் டீ குடிக்க நின்றார்கள். நான் போனைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், இவன் சட்டையின் முதுகுப்பக்கப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நிதானமாக உரிக்கிறான். அதே பையில்தான் நகைக்கடைப் பெட்டியும் இருந்தது. குழந்தைக்கு அவன் வாங்கிய கம்மல். தட்டில் வைத்து அனுப்பு என்று எத்தனையோ தடவை சொன்னேன். மாமன் கொண்டுவர வேண்டியது மாமன் கையால்தான் வரணுமாம்.

"மச்சான், சும்மா பதறாதீக. பையில ஜிப்பு இருக்கு" என்றான்.

ஜிப் இருந்தது. வாழைப்பழத்தை எடுத்தபின் அதை இழுத்து மூடினானா என்று நானும் பார்க்கவில்லை.

போடியை விட்டதும் தேவாரம் வரைக்கும் ஒரே இழுப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். வலது பக்கம் மலை, நல்ல குளிர்ந்த காற்று, ரசித்துக்கொண்டு போகவேண்டிய ரோடு. எனக்கு நாக்கு வெளியே தள்ளியதுதான் மிச்சம். தேவாரம் தாண்டியதும் மானாவாரிக் காடுகள். அறுப்பு நேரம். ஒரு வளைவில், பிடுங்கிக் காய்ந்த கொள்ளுச் செடியைப் பாதி ரோட்டுக்கு மெத்தை போலப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் நெற்று உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். ஆள் கூலி மிச்சம். நம் பக்கம் எங்கும் இருக்கிற வழக்கம்தான். சைக்கிள்காரனுக்கு எமன்.

முன்னால் போனவன் கையைக் காட்டிவிட்டு விலகிப் போய்விட்டான். அடுத்து வந்த என் மச்சினன், ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிற அந்த மீட்டரில் வேகம் எவ்வளவு என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நேராகக் கொள்ளுக்குள் விட்டான். கொடியெல்லாம் பின்சக்கரத்திலும் செயினிலும் சுற்றி, சக்கரம் பூட்டுப்போட்ட மாதிரி நின்றது. இவன் மட்டும் நிற்காமல் பறந்துபோய் அந்தக் குவியலிலேயே குப்புற விழுந்தான்.

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, செடி மேல் விழுந்ததால் முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் ஏதாவது வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயமாக இருக்கிறது. அடி இல்லை என்று தெரிந்ததும் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. ரோட்டோரம் நின்றிருந்த கொள்ளுக்காரம்மாவைப் பார்த்து, இது ரோடா இல்லை உங்கள் களமா என்று கத்தினேன். அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்கு மேல் கத்தினார். இத்தனை அகல ரோட்டில் போவதற்கு வேறு இடம் இல்லையா, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வந்தீர்கள், கொள்ளையெல்லாம் மண்ணில் இறைத்துவிட்டீர்களே என்று எங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார்.

அப்போது மச்சினன் முதுகுப் பையில் கையை விட்டான். பை காலி. பெட்டி ரோட்டில் திறந்து கிடந்தது. ஒரு கம்மல் அதிலேயே செருகி இருந்தது. இன்னொன்றைக் காணோம்.

குழந்தைக்குப் போடுகிற கம்மல் எவ்வளவு பெரிதாக இருக்கும்? ஒரு கொள்ளு அளவுதான். அதை அத்தனை கொள்ளுக்குள் எங்கே போய்த் தேடுவது? எல்லோரும் மண்டி போட்டுவிட்டோம். இழுக்கிற இழுப்பில் செடி நொறுங்கி மேலும் மேலும் கொள்ளு உதிர்கிறதே தவிர, கம்மலைக் காணோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னடா தேடுகிறீர்கள் என்று கேட்டார். மச்சினன் விஷயத்தைச் சொன்னான்.

"யாருக்குக் காதுகுத்து?"

"அக்கா மகளுக்கு."

"அப்ப நீதான் தாய்மாமனா?" என்று அவனை மேலும் கீழும் பார்த்தார். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, தலையில் ஹெல்மெட், முழங்காலில் ரத்தம். "இந்தக் கோலத்துலயா போயிப் பிள்ளைய மடியில வாங்கப் போற?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல், யாரும் செடியை மிதிக்காதீர்கள், அப்படியே வெளியே வாருங்கள் என்று விரட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கோம்பைப் பக்கமிருந்து பஸ் வந்தது. காலியாக இருந்த பாதி ரோட்டில் ஒரு மாட்டுவண்டி வேறு நின்றிருந்ததால் கொள்ளு மேல் ஏறித்தான் போகவேண்டும். அந்த அம்மா நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். டிரைவருக்கு வந்ததே கோபம்.

"நேத்து வரைக்கும் இது மேல ஏத்துங்க, ஏத்துங்கன்னு கும்பிட்ட. இன்னைக்கு ஏத்தக்கூடாதா?"

"தாய்மாமன் போடுற கம்மலு உள்ள கெடக்குய்யா. ஏத்துன, அம்புட்டுதான்."

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். அங்கேதான் பிடித்தது சனி. பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் காந்தம் வைத்துத் தேடலாம் என்றார். தங்கத்தில் காந்தம் எங்கே ஒட்டும் என்று கேட்டதற்கு, திருகாணி ஒட்டுமே என்கிறார்! இன்னொருவர், நாத்திகம் பேசுகிற பிள்ளையாக இருப்பான், அதுதான் குலதெய்வம் சோதிக்கிறது என்றார். நண்பர்களோ, பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கட்டை வைத்த ஷூவோடு வாத்து மாதிரி நடந்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவில் என் மனைவியின் போன். வந்துவிட்டோம், பக்கத்தில்தான் என்று புளுகினேன். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மொட்டை போட ஆளு வந்து ஒக்காந்திருக்காக. பிள்ளை பசியில அழுகுது. சித்தப்பா மகன் மடியில வச்சு முடிச்சிரலாம்னு எல்லாரும் சொல்றாக. நான் முடியாதுன்னுட்டேன்" என்றாள். நான்தான் போனை வைத்தேன்.

கொள்ளுக்காரம்மா அதற்குள் அவன் விழுந்த இடத்துச் செடியை மட்டும் மெதுவாக உதறி எடுத்துவிட்டு, அடியில் கிடந்ததைக் கூட்டி அள்ளி, சுளகில் போட்டுப் புடைக்க ஆரம்பித்திருந்தார். தூசி எங்கள் முகத்தில்தான் வந்து விழுந்தது. புடைக்கப் புடைக்கத் திட்டும் நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒதுக்கியதை விரலால் துழாவினார்கள். மச்சினன் எதிரில் குத்த வைத்து, சுளகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய உயிருக்கு உயிரான மீட்டர் எங்கே தெறித்துப் போனது என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

எத்தனையாவது சுளகோ தெரியாது. திட்டு சட்டென்று நின்றது. அந்த அம்மா ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்தார். கம்மல்!

பெட்டியில் வைத்து மூடி, ஒரு துணியில் முடிந்தார். மச்சினன் கையை நீட்டினான். அவர் அவனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். அவன் நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். எம்மக காதுகுத்துக்கு எங்கண்ணன் வரல. பத்திரிக்கை வச்சும் வரல. பாத்துப் பாத்து, நேரம் போயிருச்சுன்னு பூசாரி மடியில வச்சுக் குத்துனோம். அவளுக்கே இப்பப் பிள்ளை இருக்கு. எனக்கு இன்னும் ஆறல. நீ வெரசாப் போ."

அவன் சைக்கிளில் கியர் உடைந்து தொங்கியது. என் சைக்கிளைக் கொடுத்தேன். பெட்டியை அவன் முதுகுப் பையில் வைத்து, ஜிப்பை நானே இழுத்து மூடினேன். நண்பர்கள் காற்றை வாங்கிக்கொள்ள முன்னால் போய் வரிசை கட்டினார்கள். "வேகமாப் போங்கப்பா!" என்று கத்தினேன். அந்தக் கூட்டத்தோடு சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியது அன்று ஒரு நாள்தான்.

நான் அந்த அம்மா கூப்பிட்டுவிட்ட அவர் வீட்டுக்காரருடைய மொபட்டில் பின்னால் உட்கார்ந்து, உடைந்த சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதற்குள் மொட்டை முடிந்து, ஒரு காதும் குத்தியாகிவிட்டது. மச்சினன் அவசரத்தில் சுற்றிய பட்டு வேட்டியோடு மணையில் உட்கார்ந்திருந்தான். மடியில் என் மகள் வீறிட்டு அழுகிறாள், அவளைவிட அதிகமாக அவன் அழுகிறான். என் மனைவி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற அப்பன் வந்தானா என்று ஒருவரும் தேடவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் "எங்க போனீக?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, பழத்தோடு அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். நானும் மனைவியும் குழந்தையும் பஸ்ஸில். தாய்மாமன் சைக்கிளில்தான் வந்தான், வழக்கம்போல் லேட்டாக. அந்த அம்மா கொள்ளு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கடிகாரம் மாதிரி ஒன்று கிடந்தது என்று மீட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு, சிந்திய கொள்ளுக்காக எங்களை இன்னொரு தடவை திட்டினார். அப்புறம் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு காதையும் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "ஏத்தம் எறக்கம் இல்லாமத்தான் குத்திருக்காக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் மச்சினன் திருந்தவில்லை. இப்போதும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் கடைசி ஆளாக, வியர்வை வழிய, சைக்கிளில்தான் வருகிறான். வாசலில் நின்று நான் திட்ட ஆரம்பிப்பேன். ஆனால் அவனைக் கண்டதும் என் மனைவியின் முகம் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம், வராமலே போன ஓர் அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு மாமனின் கம்மலைப் புடைத்துத் தேடிய அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார், என் திட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது.