ஒரே சைக்கிளில் இரண்டு பேர்

செய்தி வந்தபோது மணி மூன்றேகால். கண்ணாடிக் கடையில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள் அவள். போனில் பெரிய மாமாதான் பேசினார்.

"உங்க சித்தி போயிட்டாம்மா. தூக்கத்துலயே." மூச்சு விடாமல் அடுத்த கேள்வி: "அந்தக் கறுப்பு ஆல்பத்தை எங்க வெச்சிருக்கான்னு தெரியுமா?"

அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேருந்தில் வழியெல்லாம் எரிந்தது.

சித்தி, அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன் ஆயுளைக் கழித்தவள். மிஞ்சும் கறுப்பு அட்டைகளை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். குடும்பக் கதையை அவற்றில்தான் பக்கம் பக்கமாக அமைத்தாள். நடுவில் படம், சுற்றிலும் வெள்ளைக் கரை, அடியில் வெள்ளை மையில் ஒரு வரி. கலர்ப் படம் கொடுத்தாலும் கறுப்பு வெள்ளையாக்கித்தான் வைப்பாள். "கலர்ல யாரு சட்டை புதுசுன்னு பார்ப்பீங்க. இதுலயாவது மூஞ்சியைப் பாருங்க" என்பாள்.

"கல்யாணம் ஆகாதவ, அட்டையைக் கட்டிக்கிட்டு அழறா" என்று சின்ன மாமா சித்தியின் காதுபடவே சொல்வார். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று பழைய படங்களை மூட்டையாக அவள் தலையில் கட்டியவரும் அவரேதான்.

அவள் சித்தி வீட்டை அடைந்தபோது உள்ளறையில் சித்தி கிடந்தாள். கூடத்து மேஜையில் ஆல்பம் விரிந்து கிடந்தது. வீட்டுப் பங்குச் சண்டையில் பல வருடங்களாக முகம் கொடுத்துப் பேசாத மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, அட்டையில் ஒட்டிய சின்னக் காகித மூலைகளில் செருகியிருந்த படங்களை உருவி இரண்டு குவியலாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு படம் மட்டும் வரவில்லை. ஒரே சைக்கிளில் இரண்டு பையன்கள். பெரியவர் மிதிக்க, சின்னவர் முன்கம்பியில். அதை மட்டும் சித்தி அச்சகத்துப் பசை போட்டு அப்பியிருந்தாள். அடியில், "இறங்கத் தெரியாமல் அழுதது யார் என்று கேட்காதீர்கள்."

"அது எனக்குன்னு சொல்லும்மா அவர்கிட்ட," என்றார் சின்னவர், அண்ணனைப் பார்க்காமல்.

"சைக்கிள் யாருதுன்னு கேளும்மா அவனை."

"சரி, கத்தரிக்கோல் எடும்மா. நடுவுல வெட்டிடலாம்," என்றார் சின்னவர்.

"வெட்டுங்க மாமா," என்றாள் அவள். "நல்லா வெட்டுங்க. ஆளுக்கு ஒரு சக்கரம். இப்ப எடுத்த படம் ஒண்ணு குடுங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் சித்தி எத்தனை தடவை கெஞ்சினாங்க? பக்கத்துல அவன் இருந்தா என் படம் வேண்டாம்னீங்களே! இன்னைக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு இந்தப் பாசம்? அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க. எல்லாத்தையும் வெச்சிட்டு வெளிய போங்க!"

பெரியவர் தன் குவியலை மேஜையில் வைத்தார். சின்னவர் வைக்கவில்லை. அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சின்னப் பொண்ணு பேசற பேச்சா இது?" என்றபடி அவர் செருப்பைத் தேடினார். அண்ணன் நின்ற பக்கம் போகாமல், மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

அவள் ஒவ்வொரு படத்தையும் அதனதன் மூலைகளில் திரும்பச் செருகினாள். கோபம் தணியவே இல்லை. கடைசிப் பக்கத்தில் படம் ஏதும் இல்லை. மேலே வெள்ளை மையில் "இப்போது" என்று எழுதி, அருகருகே இரண்டு படங்களுக்குச் சித்தி இடம் விட்டிருந்தாள். இடப்பக்கம் நான்கு மூலைகளும் ஒட்டியிருந்தன. வலப்பக்கம் மூன்றுதான் ஒட்டியிருந்தது.