விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை

ஓசூரில் ஒரு கம்பெனியில் மோட்டார் பாகங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. போன வருடம் ஒருநாள், பத்தாவது படிக்கும் என் மகள் யாழினியின் பள்ளியிலிருந்து உடனே வரச் சொன்னார்கள். பர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடினேன்.

"சாயந்திரம் எல்லாரையும் போட்டுத் தள்ளிடலாம்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசியிருக்கா. மிஸ் காதால கேட்டிருக்காங்க" என்றார் முதல்வர்.

"அது செல்போன் கேம் சார். நாங்க மூணு பேரும் சேர்ந்து விளையாடுவோம்" என்று யாழினி அழுதாள்.

"துப்பாக்கி கேம்தானே? இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க விடமாட்டா சார்" என்றேன்.

"எங்களால ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. மன்னிப்பு எழுதிக் குடுங்க, இல்லன்னா டிசி வாங்கிக்குங்க."

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வேறு எந்தப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ளும்? 'என் மகள் மிரட்டும்படி பேசியது தவறு' என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் நீட்டிய பேனாவை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாழினி அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழிகள் இருவரையும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் கேட்டில் அவள் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும், "நான் வந்து பேசட்டுமா?" என்றேன்.

"என்னன்னு பேசுவ? நீதான் எழுதிக் குடுத்துட்டியேம்மா."

அதை அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். எப்படி யோசித்தாலும் அந்தப் பேனாவை வாங்கத்தான் என் கை நீள்கிறது.