மூன்றே முக்கால் மணிப் பந்தி

நான் வேலை பார்க்கும் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி, டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு பழைய சூப்பர் மார்க்கெட் கட்டடத்தில் நடக்கிறது. பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனி. பீஸ் கிடையாது, சொந்தக் கட்டடம் கிடையாது, மஞ்சள் பஸ்ஸும் கிடையாது. இறைச்சி விற்ற மூலையில் இப்போது வேதியியல் சொல்லித் தருகிறார்கள். பாடம் நடத்துவது தவிர மற்ற எல்லாமே என் தலையில்தான். ஏசி ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆசிரியர் லீவு போட்டால் மாற்று ஆள் பிடிப்பது நான். பிரின்ட்டரில் பேப்பர் சிக்கினால், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் என் மேசை முன்னால் வந்து பரிதாபமாக நிற்பார்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. கணவரின் வேலையை ஒட்டிக் கிடைத்த எச்-4 விசாவில், வேலை பார்க்க அனுமதி இல்லாமல் பதினோரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். வொர்க் பெர்மிட் கைக்கு வந்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. ஆறு மாதம் ப்ரொபேஷன். கழுத்தில் அந்த அடையாள அட்டையை மாட்டும்போது தினமும் காலையில் ஒரு திமிர் வரும். அதை நான் மறைத்ததில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது கார் லைன்தான். மூன்றே முக்காலுக்குப் பள்ளி விடும். பெரிய பிள்ளைகள் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்களைக் கூட்டிப்போகப் பெற்றோர் வருவார்கள். வாகன நிறுத்தம் நிரம்பி, வரிசை மெயின் ரோட்டுக்கு வழிந்து, அங்கே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போக்குவரத்து அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அப்போதும் வரிசை ரோட்டில் நின்றால், பள்ளியை இரண்டு ஷிப்டாகப் பிரித்து விட வேண்டியிருக்கும்.

பிரின்சிபால் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நல்ல பெண்மணி, டெக்சாஸ்காரர், சுற்றிவளைக்கத் தெரியாதவர். உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது சரியாகாவிட்டால் உன்னை நிரந்தரமாக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ளாது என்றார்.

அன்றே எல்லாப் பெற்றோருக்கும் ஈமெயில் போட்டேன். தயவுசெய்து மூன்றரைக்கு முன்னால் வராதீர்கள் என்று. மறுநாள் இரண்டரைக்கே வண்டிகள் வந்து நின்றன. தப்பு என் மேல்தான். பாதிப் பெற்றோர் நம் ஆட்கள். சீக்கிரம் வராதீர்கள் என்று எழுதினால், யாரோ சீக்கிரம் வந்து இடம் பிடிக்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குப் புரியும். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய் உட்காரும் மனிதரைக் கட்டிக்கொண்டவள் நான். எனக்கே இது தோன்றாமல் போயிற்று.

அந்த வரிசையில் எப்போதும் முதலில் நிற்பது ஒரு வெள்ளை மினிவேன். ஓட்டி வருபவர் கோயம்புத்தூர்க்கார அம்மா. இரண்டே முக்காலுக்கு வந்து, பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அவர் மகள் ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிப்பவள். அந்தப் பெரிய வாத்தியத்தைப் பெட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வரும் கடைசிப் பிள்ளை அவள்தான். ஆக, முதல் வண்டி நகராது. முதல் வண்டி நகராததால் பின்னால் தயாராக நிற்கும் எவரும் நகர முடியாது. இது கண்ணுக்கு நேரே தினமும் நடந்தது. அதற்கு என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவில் ஒரு கிரகப்பிரவேசம். கராஜில் மேசை போட்டு, வாழை இலை விரித்துப் பந்தி பரிமாறினார்கள். நான் ரசத்தில் கை வைத்திருந்தபோது என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து இடத்துக்குக் காத்து நின்றார். எதிர் வரிசையில் இரண்டு பேர் பாதியில் எழுந்துவிட, அங்கே வேறு இருவர் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், பந்தி குலைந்தது. ஒருவர் பாயசம் கேட்க, பக்கத்தில் இருப்பவர் சாம்பார் கேட்க, பரிமாறுகிறவர் வாளியோடு நடுவில் திகைத்து நின்றார். வீட்டுக்காரரின் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் சேர்ந்து உக்காருங்க, சேர்ந்து எந்திரிங்கப்பா! அப்பதான் அடுத்த பந்தி!”

எனக்குக் கண்முன்னால் எங்கள் கார் லைன் வந்து நின்றது. அவசரமாகக் கை கழுவிவிட்டு, ஒரு பேப்பர் நாப்கினில் பதினாலு கட்டம் வரைந்தேன்.

திங்கட்கிழமை காலை நடைபாதை ஓரமாக ஒன்றிலிருந்து பதினாலு வரை எண் போட்ட கட்டங்களை நானே பெயின்ட் அடித்தேன். பதினாலு வண்டி மட்டும் சேர்ந்து உள்ளே வரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஓர் எண், வண்டிக் கண்ணாடியில் தொங்கும். அதையும் வண்டி நிற்கும் கட்டத்தையும் ஓர் ஆசிரியர் மைக்கில் சொல்ல, பிள்ளைகள் அவரவர் கட்டத்துக்கு வந்து ஏறுவார்கள். விசில் ஊதியதும் பதினாலும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். பிள்ளை வரவில்லையா, வெறும் வண்டியோடு சுற்றி வந்து அடுத்த பந்தியில் சேர வேண்டும். யாருக்காகவும் நிற்கக் கூடாது. இதற்கு என்ன பெயர் என்று பிரின்சிபால் கேட்டார். பந்தி என்றேன். அன்று மாலையே வாக்கிடாக்கியில் “பாண்டி டூ, கோ!” என்று டெக்சாஸ் குரல்கள் கத்தத் தொடங்கின.

முதல் நாளே வெள்ளை மினிவேன் முரண்டு பிடித்தது. செல்லோ வரவில்லை, விசில் ஊதிவிட்டேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார்.

“ஏனுங்க மேடம், தொரத்தறதுக்குத்தான் ஒரு மணி நேரமா என்னைய உக்கார வெச்சீங்களா? உங்க பையனா இருந்தா இப்படி அனுப்புவீங்களா?”

“அனுப்புவேங்க” என்றேன். அவர் நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். புதன்கிழமை வரை தினமும் யாராவது இரண்டு பேர் நகர மறுத்தார்கள். இரண்டு பேர் மறுத்தாலே பந்தி குலைந்துவிடும்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். வெயிலில், மெயின் ரோட்டு ஓரத்தில், கையில் அட்டையோடு நின்றார். முதல் பந்தி உள்ளே வந்தது. ஒன்றாம் கட்டத்தில் வெள்ளை மினிவேன். மூன்றாம் கட்டத்தில் என் கணவர்! ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகனைக் கூட்டிப்போக, வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்துச் செல்லோ சீக்கிரம் வந்து ஏறிவிட்டது. மற்ற எல்லாக் கட்டத்திலும் பிள்ளைகள் ஏறியாயிற்று. மூன்றில் மட்டும் ஆள் இல்லை.

நான் அவர் கண்ணாடியைத் தட்டினேன்.

“ரெண்டே நிமிஷம், வந்துட்டே இருக்கான். மெசேஜ் பண்ணிருக்கான்.”

“கிளம்புங்க. சுத்திட்டு அடுத்த பந்திக்கு வாங்க.”

“ஏய், நான் உன் புருஷன்.”

“அதனாலதான் சொல்றேன். கிளம்புங்க.”

முன்னால் இருந்த மினிவேனின் பக்கவாட்டுக் கண்ணாடியில் இரண்டு கண்கள் என்னையே பார்ப்பது தெரிந்தது. விசிலை வாயில் வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினேன். பதினாலு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பின, என் கணவரின் காலி வண்டி உட்பட. அதன் பிறகு விசில் ஊதியதும் எல்லாரும் தாமாகவே கிளம்பினார்கள். இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி என்று வந்துகொண்டே இருந்தன, போய்க்கொண்டே இருந்தன.

மகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “ஸாரி மா, கால்குலேட்டரை லாப்ல விட்டுட்டேன். வேர் இஸ் அப்பா?”

“தொரத்திவிட்டுட்டேன். சுத்திட்டு வந்து வரிசையில ஏழாவதா நிக்கறார், ஏழாம் கட்டத்துல நில்லு.”

நாலு மணி தாண்டி ஐந்து நிமிடம். அதிகாரி என்னிடம் நடந்து வந்தார். முகத்தில் ஒரே குழப்பம். இன்று பாதிப் பிள்ளைகள் லீவா, இல்லை மீதிப் பேரை இனிமேல்தான் விடப் போகிறீர்களா என்று கேட்டார்.

“எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது. பின்னால் நின்ற பிரின்சிபால் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். மறுவாரம் ப்ரொபேஷன் முடிந்ததென்று தாள் கொடுத்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டே முக்காலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஒன்றாம் கட்டத்துக்கு முன்னால் யாரும் இல்லை. அந்த அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று பதறிவிட்டேன். மூன்றாம் பந்தியில், பத்தாம் கட்டத்தில், வெள்ளை மினிவேன் ஆடி அசைந்து வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“வீட்டுல நல்லா ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தேனுங்க” என்றார். “அவசரம் என்னத்துக்கு? எப்ப வந்தாலும் நீங்க எலை போட்டுருவீங்க.”